குரங்கரசன் மேடைக்கு வந்த கதை

“அது நம்ம அனுமாரா, இல்ல வேற யாராவதா சித்தப்பா?”

கேட்டவள் அண்ணன் மகள். பொறியியல் மூன்றாம் ஆண்டு. 2024-இல் வந்த ‘பிளாக் மித்: வூகோங்’ வீடியோ கேமை விடுதியில் விடிய விடிய ஆடியிருக்கிறாள். அதில் வரும் குரங்கின் பூர்வீகத்தைத் தேடிப் போனவள், 2008-இல் வெளிவந்த ஓர் இசைத்தொகுப்பில் போய் நின்றாள்: ‘மங்கி: ஜர்னி டு த வெஸ்ட்’. அந்த இசை ஒரு மேடை நிகழ்ச்சிக்காகப் போட்டது. இங்கிலாந்தில் அது அரங்கேறியபோது நடந்த ஆர்ப்பாட்டத்தைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். நான் அதை நேரில் பார்த்தவன் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டீ நேரத்தில் பிடித்துக்கொண்டாள். “அவ்ளோ பில்டப் குடுத்தாங்களே, நெஜமாவே நல்லா இருந்துச்சா?”

ஒரே வரியில் பதில் உண்டு: முதல் பாதி அபாரம், இரண்டாம் பாதி சுமார். ஏன் அப்படி என்று சொல்லத்தான் ஒரு டம்ளர் டீ போதாது.

கதை தெரியாமல் போய் உட்கார்ந்தால் அந்த நிகழ்ச்சி வெறும் சர்க்கஸ். ஆகவே கதையிலிருந்தே தொடங்கினேன். ‘மேற்கு நோக்கிய பயணம்’ சீனத்தின் மிங் காலத்து நாவல். நூறு அத்தியாயம். இன்று கிடைப்பதில் மிகப் பழைய பதிப்பு 1592-இல் நான்ஜிங்கில் அச்சானது. அதில் ஆசிரியர் பெயர் கிடையாது. வூ செங்-என் எழுதியது என்று பிற்பாடு சொல்லத் தொடங்கினார்கள்.

மலையுச்சியில் ஒரு கல். அது சூல்கொண்டு கல்முட்டை ஒன்றை இட, அதிலிருந்து ஒரு குரங்கு பிறக்கிறது. குரங்குக் கூட்டத்துக்கு ராஜாவும் ஆகிறது. சுகமாக இருந்த ராஜாவுக்கு ஒருநாள் சாவு பயம் வருகிறது. குருவைத் தேடிப் போய் 72 விதமாக உருமாறக் கற்றுக்கொள்கிறது. மேகத்தின் மேல் ஒரு குட்டிக்கரணம் போட்டால் 108,000 லீ தாண்டும் வித்தையும் வந்துவிடுகிறது. சுன் வூகோங் என்ற பெயர் அந்தக் குரு வைத்தது. கிழக்குக் கடலின் நாகராஜனிடம் போய், 13,500 ஜின் எடையுள்ள இரும்புத் தடியை மிரட்டி வாங்கி, ஊசியளவு சுருக்கிக் காதுக்குள் வைத்துக்கொள்கிறது. எமலோகத்துப் பதிவேட்டைப் பிடுங்கித் தன் பெயரை அடித்துவிட்டு வருகிறது.

இப்படிப்பட்ட ஆளைச் சமாளிக்க அரசாங்கம் என்ன செய்யும்? உத்தியோகம் கொடுக்கும். சொர்க்கத்தின் சக்கரவர்த்தியும் அதைத்தான் செய்கிறார். குதிரை லாயத்துக்கு அதிகாரி. கொஞ்ச நாளில், அது சம்பளப் பட்டியலிலேயே வராத கடைநிலைப் பதவி என்று தெரிந்ததும் குரங்கு கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது. திரும்ப அழைத்து, சாகாவரம் தரும் பீச் பழத் தோட்டத்துக்குக் காவல் போடுகிறார்கள். பழுத்ததையெல்லாம் தின்று தீர்த்து, விருந்துக்கு வைத்திருந்த மதுவையும் குடித்துவிட்டு, சொர்க்கத்துப் படை முழுவதையும் அடித்து விரட்டுகிறது. கடைசியில் புத்தர் வந்து ஒரு பந்தயம் கட்டுகிறார்: என் உள்ளங்கையைத் தாண்டிக் காட்டு. குரங்கு பாய்கிறது. உலகத்தின் விளிம்பில் ஐந்து தூண்கள் நிற்கின்றன. ஒன்றில் தன் பெயரை எழுதி, இன்னொன்றின் அடியில் சிறுநீரும் கழித்துவிட்டு வெற்றியோடு திரும்புகிறது. அந்தத் தூண்கள் புத்தரின் விரல்கள். அவர் கையைக் கவிழ்க்க, அதுவே மலையாகி 500 ஆண்டு அமுக்கி வைக்கிறது.

“செம கதை. இதோட முடிஞ்சுதா?”

இது முதல் ஏழு அத்தியாயம்தானம்மா. மீதி 93 இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரு துறவி இந்தியாவுக்குப் போய்ப் புத்த நூல்களை வாங்கி வரும் பயணம். திரிபிடகர் என்பது துறவியின் பட்டப்பெயர். வழியில் அவர் மலைக்கடியிலிருந்து குரங்கை விடுவித்துச் சீடனாக்குகிறார். பிறகு தின்னிப்பண்டாரமான ஒரு பன்றி, ஆற்றில் ஆட்களைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்த ஒரு பூதம், குதிரையாக மாறிய ஒரு நாக இளவரசன் ஆகியோரும் சேர்ந்துகொள்கிறார்கள். குரங்கின் தலையில் ஒரு தங்க வளையம். அது அடங்கவில்லை என்றால் துறவி ஒரு மந்திரம் சொல்வார், வளையம் இறுகும், குரங்கு தரையில் புரளும். 81 சோதனைகள். துறவியின் சதையைத் தின்றால் சாவே வராது என்று கேள்விப்பட்ட பிசாசுகள் வழிநெடுக வரிசை கட்டி நிற்கின்றன.

துறவி மட்டும் நிஜமானவர். நம் பள்ளிப் பாடத்தில் வரும் அதே யுவான் சுவாங். நாட்டை விட்டுப் போக அரசு அனுமதி தராததால் 629 வாக்கில் ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டியவர். பாலைவனத்தில் தண்ணீர்ப் பையைத் தவறவிட்டு ஐந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்து, ஒரு கிழட்டுக் குதிரை வழி கண்டுபிடித்ததால் பிழைத்தார் என்று அவருடைய சீடர் எழுதிவைத்த வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நாளந்தாவில் சீலபத்திரரிடம் படித்தார். பிறகு தெற்கே இறங்கிக் காஞ்சிபுரத்துக்கும் வந்தார். அப்போது பல்லவர் ஆட்சி. நூற்றுக்கு மேற்பட்ட புத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் அங்கே இருந்ததாகக் குறித்திருக்கிறார். நாளந்தாவின் பெரிய ஆசிரியர் தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சிதான் என்றும் எழுதினார். அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்குப் போவதுதான் திட்டம். ஆனால் அங்கே மன்னர் இறந்து, பஞ்சமும் குழப்பமுமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு இலங்கைத் துறவிகளே காஞ்சிக்கு வந்து இறங்கிவிட்டார்கள். யுவான் சுவாங் திரும்பிவிட்டார். 645-இல் தலைநகர் சாங்கானுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரிடம் 657 நூல்கள் இருந்தன.

“சித்தப்பா, அனுமார்.”

வருகிறேன். இந்தச் சண்டை சீனத்திலேயே நூறு வருடமாக நடக்கிறது. 1920-களில் ஹு ஷி என்ற பேரறிஞர், இந்தக் குரங்கு இந்தியாவிலிருந்து இறக்குமதியான அனுமான் என்றார். எழுத்தாளர் லூ சுன் ஒப்பவில்லை. வெள்ளத்தை அடக்கிய யூ மன்னன் மலைக்கடியில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த, குரங்கு வடிவ நீர்ப்பூதம் ஒன்று பழைய சீனக் கதைகளில் உண்டு. வூகோங் அதன் வாரிசு என்றார் அவர். இரண்டு கட்சிக்கும் இன்றுவரை ஆள் இருக்கிறது.

எனக்கு இந்த வழக்கில் பிடித்த சாட்சி, சுவான்சோ துறைமுகத்திலுள்ள கய்யுவான் கோயில். அங்கே 1237-இல் கட்டி முடித்த மேற்குக் கற்கோபுரத்தில், குரங்குத் தலையோடு ஒரு வீரன் நிற்கிறான். நாவல் அச்சாவதற்கு 350 ஆண்டுக்கு முந்தைய சிற்பம். அதே ஊரில்தான் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டினார்கள். 1281 தேதியிட்ட தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. கண்ணனும் நரசிம்மனும் செதுக்கிய தூண்கள் இன்றும் அந்தப் புத்தர் கோயிலின் பின்புறத்தில் நிற்கின்றன. துறைமுகத்துச் சரக்கோடு ராமகதையும் இறங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதாடுவது இதை வைத்துத்தான். கோபுரம் கல்வெட்டுக்கு முந்தியது. ஆகவே இதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. என் மனம் கொஞ்சம் அனுமார் பக்கம் சாய்கிறது என்பதை ஒளிக்கவில்லை. உருவத்தில்தான் அந்தச் சாயல். குணத்தில் இவன் வேறு ஆள். அனுமாருக்குத் தலையில் வளையம் தேவைப்பட்டதில்லை.

அந்தச் சிற்பத்தை இங்கே இழுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. நாவலுக்கு முன்பே இந்தக் குரங்கு கல்லில் இருந்தது, கதைசொல்லிகளின் வாயில் இருந்தது, மேடையில் இருந்தது. சொங் காலத்தில் கதைசொல்லிகளுக்கான சின்னப் புத்தகம் ஒன்றில் துறவிக்குத் துணையாகக் குரங்குச் சீடன் வந்துவிட்டான். யுவான் வம்ச ஆட்சி முடிந்த காலத்தை ஒட்டி யாங் ஜிங்சியன் பெயரில் 24 அங்க நாடகமாகவும் கதை வந்துவிட்டது. இப்படிச் சந்தையிலும் கோயில் திடலிலும் புழங்கியதையெல்லாம் திரட்டி, அதற்கு மேல் தன் குசும்பையும் சேர்த்து எழுதியதுதான் 1592 நாவல். பிறகு நாவலிலிருந்து மறுபடி மேடைக்கு. பீக்கிங் ஆப்பராவில் சொர்க்கத்தில் குரங்கு செய்யும் ரகளைக்கென்றே தனி நாடகம் உண்டு. அந்த வேஷத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டும் குடும்பங்கள் உண்டு. 1986-இல் சீன அரசுத் தொலைக்காட்சித் தொடரில் குரங்காக நடித்தவர் அப்படியொரு குடும்பத்துப் பிள்ளை.

ஆகவே 2007-இல் “ஒரு பாப் பாடகர் சீனப் புராணத்தை ஆப்பரா ஆக்கிவிட்டார்” என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் வியந்தபோது, புதிதாக ஒன்று நடந்துவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் குரங்கு தன் பழைய தொழிலுக்குத் திரும்பியிருந்தது.

டீ வந்தது. இஞ்சி தூக்கல்.

ஆர்ப்பாட்டம் எப்படிக் கிளம்பியது என்பதையும் சொல்ல வேண்டும். டேமன் ஆல்பர்ன் பிளர் குழுவின் பாடகர். ஓவியர் ஜேமி ஹியூலெட்டோடு சேர்ந்து கொரில்லாஸ் என்ற கார்ட்டூன் இசைக்குழுவை உருவாக்கியவர். மேடையில் நிஜ ஆட்களுக்குப் பதிலாக வரைந்த உருவங்களைக் காட்டியே உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஜோடி. மான்செஸ்டர் நகரம் 2007-இல் ஒரு சர்வதேசக் கலைவிழாவைத் தொடங்கியது. புத்தம் புதிய படைப்புகளுக்கு மட்டுமே இடம் என்பது அதன் கொள்கை. அந்த முதல் விழாவின் தொடக்க நாளான ஜூன் 28 அன்று, பேலஸ் தியேட்டரில் ‘மங்கி’ அரங்கேறியது. புது விழாவுக்குத் தன்னை நிரூபிக்க ஒரு பெரிய குண்டு தேவைப்பட்டது. இது அந்தக் குண்டு.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இன்னொரு தூண்டிலும் இருந்தது. இந்தக் கதையை ஜப்பானியர் 1978-இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார்கள். பிபிசி அதை ஆங்கிலத்தில் டப் செய்து 1979 முதல் ஒளிபரப்பியது. அசட்டுத்தனமான வசனம், மேகத்தில் பறக்கும் குரங்கு, துறவி வேஷத்தில் ஒரு நடிகை. அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் அதைப் பைத்தியமாகப் பார்த்தார்கள். ஆல்பர்னும் ஹியூலெட்டும் அந்தப் பிள்ளைகளில் இருவர்.

இந்த இருவரை மட்டும் நம்பியிருந்தால் வெறும் விளையாட்டுச் சாமானாகப் போயிருக்கும். மூன்றாமவர் இருந்தார்: இயக்குநர் சென் ஷி-ஜெங். ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவில் பிறந்தவர். பண்பாட்டுப் புரட்சியில் சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர். பழைய ஆப்பராக்களையெல்லாம் தடை செய்து, அரசு வகுத்த மாதிரி நாடகங்களை மட்டுமே மேடையில் விட்ட காலம் அது. அந்தக் காலத்தில் வளர்ந்து, கிராமத்து ஆப்பரா கற்று, 1987-இல் அமெரிக்கா போனார். 1999-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ‘பியோனி பவிலியன்’ என்ற மிங் நாடகத்தை 55 காட்சியும் விடாமல், பல நாட்களில் பிரித்து, ஏறக்குறைய இருபது மணி நேரம் நடத்திக் காட்டியவர் இவர். அதற்கு முந்தைய வருடம் ஷாங்காய் அதிகாரிகள் அந்த நாடகம் வெளிநாடு போகவிடாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். ஆக, ‘மங்கி’ மேடையில் இரண்டு பால்ய நினைவுகள் மோதின: டப்பிங் தொடர் பார்த்த ஆங்கிலப் பையன்களுடையது ஒன்று, பழைய கலையெல்லாம் ஒடுக்கப்பட்ட ஊரில் அதைத் தேடிக் கற்றவருடையது ஒன்று.

மான்செஸ்டருக்குப் பிறகு பாரிஸின் ஷாத்தலே அரங்கம். 2008 ஜூலையில் லண்டனின் ராயல் ஆப்பரா ஹவுஸ். ஆகஸ்டில் பீஜிங் ஒலிம்பிக்ஸ். பிபிசி தன் ஒலிம்பிக் ஒளிபரப்புக்கு இந்த ஜோடியிடமே குரங்கும் பன்றியும் மைதானத்துக்கு ஓடும் இரண்டு நிமிட அனிமேஷன் வாங்கிப் போட்டது. அதே மாதம் இசைத்தொகுப்பும் கடைக்கு வந்தது. டிவியைப் போட்டால் குரங்கு, கடைக்குப் போனால் குரங்கு. நவம்பரில் லண்டன் ஓ2 அரங்கத்துக்குப் பக்கத்தில் இதற்கென்றே ஒரு கூடாரம் போட்டார்கள். நான் பார்த்தது அங்கேதான்.

“டேமன் ஆல்பர்ன் பாடினாரா?”

இல்லை. என்னோடு வரிசையில் நின்ற பாதிப் பேர் அந்த ஆசையில்தான் வந்திருந்தார்கள். அவர் மேடையிலேயே கிடையாது. பாடியது முழுக்கச் சீனர்கள், மாண்டரின் மொழியில். மேலே ஆங்கில வரிகள் ஓடும். நடித்தவர்கள் சீன சர்க்கஸ் கலைஞர்களும் தற்காப்புக் கலை வீரர்களும் பாடகர்களும். ஆர்ப்பாட்டம் ஒரு பெயரை விற்றது. உள்ளே வேறு சிலர் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள்.

இசை விசித்திரமானது. சீனத் தந்தி வாத்தியங்கள், ஐரோப்பியப் பித்தளைக் குழல்கள், எலெக்ட்ரானிக் ஓசை எல்லாம் கலந்திருக்கும். சீன நகரத்துப் போக்குவரத்து இரைச்சல் காதை விட்டுப் போகாததால், கார் ஹாரன்களைக் கோத்து ஒரு வாத்தியமே செய்துவாங்கினார் ஆல்பர்ன். ‘கிளாக்ஸோஃபோன்’ என்று பேர். நீ தொகுப்பில் கேட்டபோது துண்டு துண்டாக இருக்கிறது என்று சொன்னாயே, அது சரிதான். தனியாகக் கேட்க அதில் பாட்டென்று நிற்பவை சொற்பம். விருந்துப் பாட்டும், பன்றி தன் கதையைச் சொல்லிப் புலம்பும் பாட்டும் நிற்கின்றன. மற்றதெல்லாம் ஒரு உடம்பு காற்றில் எழும்பி இறங்கும் வரை தாங்கிப் பிடிக்கும் இசை. ஆப்பரா விமர்சகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். அந்தரத்தில் சுழலும் ஆளைப் பார்த்துக்கொண்டே கேட்கும்போது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

ஒன்பது காட்சி. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முட்டை வெடிப்பது, கடலடி அரண்மனை, பீச் பழ விருந்து, புத்தரின் கை என்று, பாதிக்கு அருகில் அந்த முதல் ஏழு அத்தியாயங்களுக்கே போய்விடுகிறது. ஹியூலெட்டின் அனிமேஷன் திரையில் ஓடி முடிய, வரைந்த குரங்கு நின்ற இடத்தில் நிஜக் குரங்குகள் கம்பங்களில் ஏறிக்கொண்டிருப்பார்கள். கடலுக்குள் காட்சி போனதும் மேலிருந்து தொங்கும் பட்டுத் துணிகளில் ஆட்கள் நீந்துவார்கள். குரங்காக நடித்தவர் சும்மா நிற்கும்போதுகூட நிற்கவில்லை: காதைச் சொறிவது, கண்ணை உருட்டுவது, ஒரு காலில் உடம்பை மடக்கிக் கூட்டத்தை அளப்பது. பீக்கிங் ஆப்பராவில் பிள்ளைப் பிராயத்திலிருந்தே பழக்கும் உடல்மொழி அது. இந்தப் பகுதிக்கு வசனமே வேண்டாம். எல்லையை மீறும் ஒரு ஜீவனைக் காட்ட, எலும்பே இல்லாத மாதிரி வளையும் உடம்பைவிட நல்ல மொழி எது? சொர்க்கத்துக்கும் பூமிக்கும் இடையே பாயும் கதை. அந்தப் பாய்ச்சலை நிஜமாகவே பாயத் தெரிந்தவர்கள் செய்தார்கள்.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பயணம் தொடங்கியதும் எங்கே தடுக்கியது? ஒரு காட்சியை எடுத்துக்கொண்டால் விளங்கும். வெள்ளெலும்புப் பிசாசு. நாவலில் 27-ஆம் அத்தியாயம்.

துறவிக்குப் பசி. குரங்கு பழம் தேடிப் போயிருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு பிசாசு அழகான பெண்ணாக உருமாறி, சோற்றுப் பாத்திரத்தோடு வருகிறது. திரும்பி வந்த குரங்குக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது. தடியால் ஒரே அடி. பிசாசு தப்பிவிட, பெண்ணின் பிணம் மட்டும் கிடக்கிறது. துறவி பதறிப்போகிறார்: கொலை! அடுத்து, மகளைத் தேடிக்கொண்டு ஒரு கிழவி. மறுபடி அடி. கடைசியாக ஒரு கிழவர். மூன்றாவது அடியில் பிசாசு ஒழிகிறது. எலும்புக் குவியல் கிடக்கிறது, முதுகெலும்பில் பிசாசின் பெயரே எழுதியிருக்கிறது. துறவி ஏறக்குறைய நம்பிவிட்டார். அப்போதுதான் பன்றி வாயைத் திறக்கிறது: மந்திரத்துக்குப் பயந்து இவனே பிணத்தை எலும்பாக மாற்றிக் கண்கட்டு வித்தை காட்டுகிறான் சுவாமி. அவ்வளவுதான். வளையம் இறுகுகிறது. குருவைக் காப்பாற்றிய குரங்கை, குருவே கைப்பட எழுதிக் கொடுத்து விரட்டிவிடுகிறார். போவதற்கு முன் ஒரு நமஸ்காரம் செய்கிறேன் என்கிறது குரங்கு. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உருமாற்ற வித்தையால் தன்னையே நான்காக்கி, நாலு பக்கமும் சூழ்ந்து நின்று, அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வணக்கமாவது சேரும்படி விழுகிறது.

“ஐயோ பாவம்” என்றாள் அண்ணன் மகள். டம்ளர் கையிலேயே இருந்தது.

இந்தக் காட்சி சீனர்களை எவ்வளவு ஆட்டியது தெரியுமா? 1961-இல் ஷாவ்சிங் ஆப்பரா ஒன்றில் இதைப் பார்த்துவிட்டு, அறிஞர் குவோ மோரோ துறவியைக் கண்டதுண்டமாக்க வேண்டும் என்று கவிதை எழுதினார். அதற்கு மாவோவே பதில் கவிதை எழுதினார்: துறவி ஏமாந்த மனிதர், திருத்திவிடலாம், பிசாசுதான் எதிரி. குரங்குக்குப் புகழாரம். யார் பிசாசு, யார் ஏமாந்தவர் என்பது அந்த வருடத்தில் அரசியல் கேள்வி. சோவியத் யூனியனோடு சண்டை முற்றிக்கொண்டிருந்தது. 1976-இல் மாவோ இறந்து, அவர் மனைவி ஜியாங் சிங் கைதானபோது, சுவரொட்டிகளில் மக்கள் அவருக்கு வைத்த பெயர் வெள்ளெலும்புப் பிசாசு. ஒரே காட்சியை வைத்து இரண்டு தலைமுறை அரசியல் பேச முடிந்திருக்கிறது.

ஏன் முடிந்தது? அந்தக் காட்சியின் உயிர் மூன்று அடியில் இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே நடக்கும் பேச்சில் இருக்கிறது: பன்றி ஊதிவிடுவது, குரு தடுமாறுவது, குரங்கு கெஞ்சுவது. லண்டன் மேடையில் அந்தக் காட்சி இருந்தது. எலும்புக்கூடு மிரட்டியது, சண்டை பறந்தது. பேச்சுக்கு நேரமில்லை, மேலே ஓடும் வரிகளில் எவ்வளவு கோள்மூட்டலை அடைக்க முடியும்? குரு ஏன் கோபித்தார், குரங்கு ஏன் போனது என்பது கதை தெரிந்தவர்களுக்கே எட்டியிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர் தன் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகும் அப்படித்தான். சிலந்திப் பெண்கள் வந்தார்கள், உடம்பை நினைக்க முடியாத விதமாக மடக்கினார்கள், கைதட்டல், அடுத்தது. எரிமலைக் காட்சி. நாவலில் அங்கே ஒரு வேடிக்கை உண்டு: இரும்பு விசிறி இளவரசி தீயை அணைக்கும் விசிறியைத் தர மறுக்க, குரங்கு சின்னப் பூச்சியாகி அவள் குடிக்கும் தேநீர் நுரைக்கு அடியில் பதுங்கி, வயிற்றுக்குள் போய் உதைக்கத் தொடங்கும். (அண்ணன் மகள் தன் டம்ளருக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.) மேடையில் அதுவும் ஒரு வித்தையாகவே கடந்துபோயிற்று. கடைசிக் காட்சி ஒளிவெள்ளத்தில் சொர்க்கம். நாவலாசிரியர் அந்த இடத்திலும் விட்டுவைக்கவில்லை. இத்தனை பாடுபட்டு இந்தியாவில் புத்தரின் இடத்துக்கு வந்து சேர்ந்தால், நூலைக் கொடுக்கும் ஆனந்தரும் காசியபரும் ‘எங்களுக்கு என்ன கொண்டுவந்தீர்கள்’ என்று கையை நீட்டுகிறார்கள். ஒன்றுமில்லை என்றதும் எழுத்தே இல்லாத வெற்றுத்தாளைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். புகார் போனால், புத்தர் சிரித்துக்கொண்டே தன் ஆட்கள் பக்கம் பேசுகிறார். கடைசியில் துறவி தன் தங்கத் திருவோட்டைக் கொடுத்துத்தான் எழுத்துள்ள நூலை வாங்குகிறார். சொர்க்கத்திலும் மாமூல்! பிரம்மாண்டத்துக்கு இந்த மாதிரிச் சிரிப்பு ஒத்துவராது.

“அப்ப வேஸ்ட்னு சொல்றீங்களா?”

இல்லையம்மா. நம்மூர்த் தெருக்கூத்தில் திரௌபதி துகிலுரிதலை விடிய விடிய ஆடுகிறார்கள். யாருக்காவது கதை தெரியாமலா உட்கார்ந்திருக்கிறார்கள்? கதையைத் தெரிந்துகொள்ள யாரும் அங்கே வருவதில்லை. இந்த ஆட்டக்காரர் இன்றைக்கு அதை எப்படி நிறுத்துகிறார் என்று பார்க்க வருகிறார்கள். குரங்குக் கதையும் சீனத்தில் அப்படிப் பார்க்கப்பட்டதுதான். ஒரு பகுதியை மட்டும் எடுத்து, ஒரு ராத்திரி முழுக்க ஆடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒன்பது காட்சியும் வேண்டியதில்லை. ‘மங்கி’ குழு கதையே தெரியாத கூட்டத்துக்கு, நூறு அத்தியாயத்தையும் இரண்டு மணி நேரத்தில் காட்டிவிட முயன்றது. சிக்கல் அங்கே. ஐரோப்பிய ஆப்பரா ஹவுஸில் டிக்கெட் வாங்கியவர் தொடக்கம், நடு, முடிவு எல்லாம் வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அவருக்காகப் போட்ட சுருக்கம் இது.

அதனாலேயே கூடாரத்தில் பார்த்தது என் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன். ராயல் ஆப்பரா ஹவுஸின் சிவப்பு வெல்வெட் இருக்கையில் உட்கார்ந்தால் ‘இது ஆப்பராவா?’ என்ற கேள்வி தானே வந்து உட்காரும். கூடாரத்தில் அந்தக் கேள்வி வரவில்லை. பிள்ளைகள் கத்தின. ஒருவர் தட்டுச் சுழற்றும்போது எங்கோ ஒரு குழந்தை எண்ணிக்கொண்டிருந்தது. 2013-இல் அதே நிகழ்ச்சி நியூயார்க்கில் லிங்கன் சென்டர் விழாவுக்குப் போனபோது மறுபடி பெரிய அரங்கம், மறுபடி அதே கேள்வி.

“இப்ப எங்கயாவது நடக்குதா?”

அது இல்லை. ஆனால் குரங்கு ஓயவில்லை. 2025 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஆப்பரா ‘த மங்கி கிங்’ என்று புதிய ஆப்பரா ஒன்றை அரங்கேற்றியது. இசை ஹுவாங் ருவோ, எழுத்து டேவிட் ஹென்றி ஹுவாங். அவர்கள் நூறு அத்தியாயத்தோடு மல்லுக்கட்டவில்லை. தொடக்க அத்தியாயங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம். ஆனால் அதனால், பன்றியும் பூதமும் கோள்மூட்டலும் உள்ள அந்த 93 அத்தியாயம் இன்னும் மேற்கத்திய மேடைக்குக் கடனாகவே நிற்கிறது.

படிக்க ஏதாவது தாருங்கள் என்றாள். ஆர்தர் வேலி 1942-இல் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்த ‘மங்கி’ கையடக்கமானது, சிரிக்க வைக்கும். ஆனால் நூறில் முப்பது அத்தியாயம்தான், வெள்ளெலும்புப் பிசாசு அதில் இல்லவே இல்லை. அதற்கு ஆன்டனி யூவின் நாலு தொகுதிக்குத்தான் போக வேண்டும். முதல் தொகுதியை விட்டுவிட்டு, இரண்டாவதில் 27-ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்கு என்றேன். முதல் ஏழும் உனக்கு இப்போது தெரியும். அந்த அத்தியாயத்தை மட்டும், நாலு பேரும் நன்றாகச் சண்டை போட்டுப் பேசும்படி எவராவது மேடையேற்றினால் சொல். டிக்கெட் நான் எடுக்கிறேன்.